வேப்பிலை கட்டின வீடும் விலக்கி வச்ச வீடும்

ஆடி மாசம் வேலூர்ல இருந்து ஆரணி போற பஸ்ல ஏறினா, கண்ணமங்கலத்துல பாதி பஸ் காலியாயிடும். மஞ்சப் புடவை, கையில வேப்பிலை, இடுப்புல மொட்டையடிக்கப் போற குழந்தை. எல்லாம் படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போற கூட்டம். ஜவ்வாது மலை அடிவாரத்துல இருக்கற எங்க பக்கத்துக்கு அம்மைன்னாலே அம்மன்தான். நோயோட பேரும் தெய்வத்தோட பேரும் ஒண்ணு.

பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு இன்னொரு நோயும் ரொம்பப் பழக்கம். அதுக்கு எந்த தெய்வத்தோட பேரும் கிடையாது. பேரைச் சொல்லவே பயந்து 'பெருவியாதி'ன்னு மட்டும் சொல்லுவாங்க. தொழுநோய்.

இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா ஒரு விசித்திரம் தெரியும். பெரியம்மை பயங்கரமான தொற்று. வந்தவங்கள்ல பத்துக்கு மூணு பேரைக் கொன்னுடும். தொழுநோய் அதுக்கு நேர் எதிர். நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு அந்தக் கிருமியை எதிர்க்கற சக்தி பிறவியிலேயே இருக்கு. ஒட்டினாலும் நோய் வெளியே தெரிய வருஷக்கணக்காகும். ஆளையும் கொல்றதில்ல. நியாயமா எதைப் பார்த்து ஜனங்க அதிகமா பயந்து ஒதுக்கியிருக்கணும்?

நடந்தது என்னன்னா, ஆளைக் கொல்ற நோய்க்கு வாசல்ல வேப்பிலை கட்டி 'அம்மா வந்திருக்கா'ன்னு சொன்னாங்க. கொல்லாத நோய்க்கு ஆளையே ஊருக்கு வெளிய அனுப்பினாங்க.

அப்போ ஒரு நோய்க்கு ஒட்டற அவமானத்துக்கும் அந்த நோயோட ஆபத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்ல. பின்ன எதோட சம்பந்தம்? அதை எப்படிக் கண்டுபிடிக்கறது? இதைக் கேட்டுக்கிட்டே போனவங்க கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க :-)

சட்டம் எழுதின அவமானம்

'தொழுநோயை ஒதுக்கறது ஆதிகாலத்துல இருந்தே இருக்கு'ன்னு சுலபமா சொல்லிட்டுப் போயிடுவோம். அது பாதி உண்மை. முன்வினைன்னு சொல்ற பேச்சு நம்ம ஊர்ல பழசுதான். ஆனா இன்னிக்கு நாம பார்க்கற ஒதுக்கலுக்கு 19ஆம் நூற்றாண்டு ஒரு பெரிய பங்கு போட்டிருக்கு.

1865ல ஹவாய்த் தீவுகள்ல தொழுநோயாளிகளைப் பிரிச்சு வைக்கச் சட்டம் வந்துச்சு. அடுத்த வருஷமே ஆட்களை மொலோக்காய் தீவுல கொண்டு போய் இறக்க ஆரம்பிச்சாங்க. அந்த ஊர்க்காரங்க இந்த நோய்க்கு வச்ச பேருக்கு 'சீனாக்காரன் வியாதி'ன்னு அர்த்தம். அப்போ கரும்புத் தோட்டங்களுக்குச் சீனக் கூலிகள் வந்து இறங்கிட்டிருந்த காலம். பயம் நோய்மேலயா, வந்தேறிகள் மேலயா? வெல்லம் எது, எறும்பு எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது.

1873ல நார்வேயில ஹேன்சன் கிருமியைக் கண்டுபிடிச்சார். அதே வருஷம் பெல்ஜியத்துப் பாதிரியார் டேமியன் மொலோக்காய் போய்ச் சேர்ந்தார். நோயாளிகளோடவே வாழ்ந்து, அதே நோய் வந்து, 1889ல செத்துப் போனார். ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாருக்கே வந்துடுச்சுன்னதும் ஐரோப்பாவே நடுங்கிடுச்சு. லண்டன்ல நிதி திரட்டி, இந்தியாவுக்கு ஒரு தொழுநோய் ஆணையத்தை அனுப்பினாங்க. 1890-91ல நாடு முழுக்கச் சுத்தின அந்த ஆணையம் சொன்னது, 'இது லேசுல தொத்தற நோய் இல்ல, கட்டாயமாப் பிரிச்சு வைக்கத் தேவையில்ல.'

ஆனாலும் 1898ல இந்தியாவுல தொழுநோயாளிகள் சட்டம் வந்துச்சு. பிச்சை எடுக்கற ஏழை நோயாளியைப் போலீஸ் பிடிச்சுக் காப்பகத்துல அடைக்கலாம். வசதியா வீட்டுக்குள்ள இருக்கறவர் மேல அந்தப் பிரிவு பாயாது. சட்டம் அமல்ல இருக்கற இடத்துல நோயாளி தின்பண்டம் விக்கக் கூடாது, குறிப்பிட்ட பொதுக் கிணத்துலயோ குளத்துலயோ தண்ணி எடுக்கக் கூடாது, வாடகை வண்டியில ஏறக் கூடாதுன்னெல்லாம் தடை போட முடியும். இதைப் படிக்கும்போது உங்களுக்கு வேற ஏதாவது ஞாபகம் வருதா? கிணறு, தண்ணி, தொடக்கூடாது... ஏற்கெனவே நம்ம கையில இருந்த தீண்டாமை அச்சுலதான் இந்த நோயையும் வார்த்திருக்காங்க.

இந்தச் சட்டத்தை ரத்து பண்ணினது 2016ல. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருந்தா விவாகரத்து கேக்கலாம்னு இருந்த பிரிவுகளை நீக்கினது 2019ல. முழுசா குணப்படுத்தற கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை செஞ்சது 1981ல! மருந்து வந்த பிறகும் சட்டப் புத்தகத்துல அந்தக் களங்கம் முப்பது வருஷத்துக்கு மேல உக்காந்திருந்தது.

வேலூர்ல நடந்தது: கையும் புருவமும்

இனி நம்ம ஊர்க் கதை. செங்கல்பட்டு பக்கத்துல திருமணியில தொழுநோய் ஆஸ்பத்திரியை நடத்தினவர் ராபர்ட் காக்ரேன். அவர் 1944ல வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு முதல்வரா வந்தார். 1946ல பால் பிராண்ட்ங்கற இளம் அறுவை மருத்துவர் வேலூர் வந்து சேர்ந்தார். காக்ரேன் கூப்பிட்டு பிராண்ட் செங்கல்பட்டு போனப்போ பார்த்தது, விரல் மடங்கிப் போன கைகள். ஆனா அந்தக் கையைக் குலுக்கினா பிடி இரும்பு மாதிரி இருந்துச்சு. சதை அழுகி விரல் உதிருதுன்னு ஊரே நம்பிட்டிருந்த காலம் அது. நரம்பு செத்து வலி தெரியாமப் போறதால, அடி பட்டும் சூடு பட்டும் புண்ணாகித்தான் விரல் குறையுதுன்னு பிராண்ட் குழு காட்டுச்சு. வேலை செய்யற தசைநாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாத்திக் கட்டற அறுவை சிகிச்சையை வேலூர்ல வளர்த்தாங்க.

அதுக்கப்புறம் நடந்ததுதான் நம்ம விஷயத்துக்கு முக்கியம். கை சரியாகி ஊருக்குப் போனவங்கள்ல சிலர் திரும்பி வந்துட்டாங்க. யாரும் வேலை தரல. வீடு வாடகைக்குக் கிடைக்கல. கோணக் கையைக் காட்டினாலாவது காசு விழும், நேரான கைக்கு அதுவும் விழலைன்னு நோயாளிகள் சொன்னதை பிராண்ட் பின்னாடி எழுதியிருக்கார். கை தேறிடுச்சு, ஊர் தேறல. அதனால நோயாளிகள் தங்கித் தொழில் கத்துக்க நவஜீவ நிலையம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 1955ல காட்பாடி பக்கம் கரிகிரியில தொழுநோய் ஆராய்ச்சி, பயிற்சி மையமும் வந்துச்சு.

அடுத்ததா பிராண்ட் கைவச்சது புருவத்துல! தொழுநோய்ல புருவ முடி உதிரும். தலைத் தோல்ல இருந்து முடியோட ஒரு துண்டை எடுத்துப் புருவத்துல வச்சுத் தச்சாங்க. தலைமுடி ஆச்சே, வளர்ந்துக்கிட்டே இருக்கும். மாசாமாசம் வெட்டிக்கணும். இதால கண்பார்வைக்கோ உடம்புக்கோ பெரிய லாபம் எதுவும் இல்ல. ஆனா ஊர் ஒருத்தரை அடையாளம் கண்டுபிடிக்கறதே அந்த மழமழ புருவத்தை வச்சுத்தான். இன்னிக்கு ஆராய்ச்சியாளர்கள் 'ஸ்டிக்மா'ன்னு சொல்றாங்களே, அந்த கிரேக்க வார்த்தைக்கு உடம்புல போடற சூட்டுக்குறின்னுதான் அர்த்தம். சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963ல எழுதின புத்தகம் அங்கதான் ஆரம்பிக்கும். அந்த வருஷத்துக்கு முன்னாடியே வேலூர்ல குறியைக் கத்தியால அழிக்கப் பார்த்துட்டிருந்தாங்க.

அவமானத்தை எப்படி அளக்கறது?

கத்தியால முடியாததைக் கேள்வியால புரிஞ்சுக்கலாம்னு கிளம்பினது அடுத்த கூட்டம்.

நான் மென்பொருள் வேலையில இருக்கறவன். எங்க தொழில்ல முதல்ல சொல்லித் தர்ற பாடம், பயனர்கிட்ட 'நல்லா இருக்கா?'ன்னு கேக்காதேங்கறதுதான். 'நல்லா இருக்குங்க'ன்னு மரியாதைக்குச் சொல்லிட்டுப் போயிடுவாங்க. அவமானத்தைப் பத்திக் கேக்கறது இதைவிட நூறு மடங்கு கஷ்டம். 'உங்களை ஊர்ல ஒதுக்கறாங்களா?'ன்னு ஒரு அந்நியன் நோட்டும் கையுமா வந்து கேட்டா, 'அதெல்லாம் இல்ல சாமி'ன்னுதான் பதில் வரும். இன்னொரு சிக்கல், தொழுநோய் ஆஸ்பத்திரி ஜீப் ஒரு வீட்டு வாசல்ல நின்னாலே தெருவுக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு. அளக்கப் போன கருவியே அளவை மாத்திடும்.

மிட்செல் வைஸ்ங்கற அமெரிக்க மனநல மருத்துவர், பம்பாய்ல தொழுநோயாளிகள் நடுவுல செஞ்ச ஆய்வுல இருந்து 1992ல ஒரு நேர்காணல் முறையை வெளியிட்டார். சுருக்கமா 'எமிக்'னு பேரு. அது முதல்ல நோயாளியோட கதையைக் கேக்கும். உங்களுக்கு வந்திருக்கறது என்ன? நீங்க அதை என்னன்னு சொல்லுவீங்க? எதால வந்துச்சுன்னு நினைக்கறீங்க? முதல்ல யார்கிட்ட போனீங்க? கதையை அவங்க வார்த்தையிலேயே எழுதிக்கிட்டு, அப்புறம் குறிப்பான கேள்விகளுக்கு வரும். முடிஞ்சா மத்தவங்களுக்குத் தெரியாம வச்சுக்குவீங்களா? உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குக் கல்யாணம் அமையறது கஷ்டமாகுமா? உங்க வீட்டுக்கு வரத் தயங்குவாங்களா? 'ஆமாம்'னா 3, 'இருக்கலாம்'னா 2, 'தெரியல'ன்னா 1, 'இல்ல'ன்னா 0. எண்ணும் கிடைக்குது, எண்ணுக்குப் பின்னாடி இருக்கற கதையும் கைல இருக்கு.

இந்த முறையில வந்த ஒரு ஆய்வு என்னை ரொம்ப யோசிக்க வச்சது. பெங்களூர் நிம்ஹான்ஸ்ல ரகுராமும் வைஸும் மத்தவங்களும் 80 நோயாளிகள்கிட்ட பேசி 1996ல வெளியிட்டது. மனச்சோர்வு அறிகுறி அதிகமாக அதிகமாக அவமானக் கணக்கும் ஏறுது. உடம்பு வலியாச் சொல்றவங்களுக்கு அந்தக் கணக்கு குறையுது. யோசிச்சுப் பாருங்க. தலைவலி, உடம்பு அசதி எல்லாருக்கும் வரும், வெளிய சொல்லிக்கலாம். 'மனசு சரியில்ல'ன்னு சொன்னா சம்பந்தம் பேசறவங்க திரும்பிப் போயிடுவாங்க. நம்ம வீட்டு அம்மாக்கள் எல்லாத்துக்கும் 'உடம்பு முடியல'ன்னு சொல்றது அறியாமை இல்ல, தற்காப்பு. சென்னையில ஸ்கார்ஃப் அமைப்பைச் சேர்ந்த தாராவும் ஸ்ரீனிவாசனும் மனச்சிதைவு நோயாளிகளோட குடும்பங்கள்கிட்ட பேசி 2000ல எழுதினதுலயும் கல்யாணக் கவலையும் அக்கம்பக்கத்துக்கு மறைக்கற தவிப்பும் முன்னாடி நிக்குது.

மொழி மாறினா என்ன ஆகும்

ஒரு கேள்வித்தாளை இங்கிலீஷ்ல இருந்து தமிழாக்கணும்னா ஒருத்தர் மொழிபெயர்ப்பார், மூலத்தைப் பார்க்காத இன்னொருத்தர் அதைத் திரும்ப இங்கிலீஷ்ல எழுதுவார், ரெண்டையும் ஒப்பிடுவாங்க. நல்ல வழிதான். ஆனா சொல் சரியா வந்துட்டா பொருளும் வந்துடுச்சுன்னு அர்த்தமில்ல. 'வெக்கமா இருக்கா?'ன்னு கண்ணமங்கலம் சந்தையில ஒரு பொண்ணுகிட்ட கேட்டா அது நாணம். 'அவமானமா இருக்கா?'ன்னா யாரோ அவமானப்படுத்தியிருக்கணும். 'களங்கம்'னா அவ நடத்தையைச் சந்தேகப்படறீங்க! 'ஸ்டிக்மா'வுக்கு நேரான ஒத்தை வார்த்தை நம்மகிட்ட இல்ல. ஆனா அது நடக்கற விதத்துக்கு ஏகப்பட்ட வினைச்சொல் இருக்கு. ஒதுக்கறது, விலக்கறது, தள்ளி வைக்கறது, மூஞ்சி சுளிக்கறது, தனித் தட்டு போடறது. எனக்கென்னவோ பெயர்ச்சொல்லைத் தேடறதைவிட இந்த வினைச்சொற்களைக் கேட்டா உண்மை சீக்கிரம் வரும்னு தோணுது. 'உங்களுக்குத் தனித் தட்டா?'ன்னு கேட்டா யாரும் மழுப்ப முடியாது.

2006ல வந்த 'பங்கேற்பு அளவுகோல்' இன்னொரு வழி பார்த்துச்சு. விம் வான் பிராக்கலும் கூட்டாளிகளும் இந்தியா, நேபாளம், பிரேசில்னு மூணு நாட்டுல சோதிச்சு உருவாக்கினது. 18 கேள்வி. மனசுல என்ன இருக்குன்னு கேக்காம, என்ன செய்ய முடியுதுன்னு கேக்கும். உங்களை மாதிரி இருக்கற மத்தவங்களோட ஒப்பிட்டா வேலை தேட உங்களுக்கும் அதே வாய்ப்பு இருக்கா? விசேஷங்களுக்குப் போறீங்களா? 'உங்களை மாதிரி'ங்கறதுதான் சூட்சுமம். ஜவ்வாது மலைமேல இருக்கற ஒரு பழங்குடிப் பெண்ணைக் கீழே இருக்கற மிராசுதாரோட ஒப்பிட்டா நோய் செஞ்ச கெடுதல் எது, சாதியும் வறுமையும் செஞ்ச கெடுதல் எதுன்னு தெரியாது. அதே மலையில, அதே வயசுல, நோய் இல்லாத பெண்ணோட ஒப்பிடணும். புத்திசாலித்தனம்தான். ஆனா இதுல ஒரு ஓட்டையும் இருக்கு. ஊரே ஒதுக்கி வச்சிருக்கற ஒரு சமூகத்துக்குள்ள எல்லாருக்கும் ஒண்ணும் இல்லைன்னா, 'எனக்கும் அவங்க மாதிரிதான்'னு பதில் வரும். கணக்கு பூஜ்யம் காட்டும். கட்டம் காலியா இருக்குங்கறதால கஷ்டம் இல்லைன்னு ஆயிடாது.

நாடு விட்டு நாடு ஒப்பிட்டவங்கள்ல நான்சி வாக்ஸ்லரைச் சொல்லாம இருக்க முடியாது. இலங்கையில வேலை செஞ்சவங்க. இந்தியா, இலங்கை, வட நைஜீரியா, ஹவாய்னு பார்த்து 1981ல எழுதின கட்டுரையில அவங்க சொன்ன சாரம், கிருமி எல்லா ஊர்லயும் ஒண்ணு, ஆனா 'தொழுநோயாளியா' எப்படி வாழணும்னு ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக் கத்துக் குடுக்குது. கத்துக்கிட்டதை மறக்கவும் வைக்கலாம்னு காட்டினதும் இலங்கைதான். 1990ல டி.வி.யிலயும் ரேடியோவுலயும் சோப்பு விளம்பரம் மாதிரி தொழுநோய்க்கு விளம்பரம் பண்ணினாங்க. தேமல் இருக்கா, வந்து காட்டு, மாத்திரை இருக்கு, குணமாகும். அதுவரைக்கும் ஒளிஞ்சிருந்தவங்க தானா வர ஆரம்பிச்சாங்க.

பேரை மாத்தியும் பார்த்திருக்காங்க. பிரேசில் 1995ல சட்டம் போட்டு அரசுத் தாள்கள்ல பழைய பேரை நீக்கி 'ஹேன்சன் நோய்'னு ஆக்குச்சு. நாம குஷ்டத்தை விட்டுத் தொழுநோய்க்கு வந்தோம். தமிழ்நாட்டுல 'வெண்குஷ்டம்' அரசு ஆணைப்படி 'வெண்புள்ளி' ஆச்சு. அது தொற்றும் இல்ல, தொழுநோயும் இல்ல, நிறமி குறைபாடு. ஆனா பேர்ல 'குஷ்டம்' ஒட்டினதாலயே எத்தனை பொண்ணு பார்க்கற படலம் பாதியில நின்னிருக்கும்!

தலைக்குத் தண்ணி

இப்போ மறுபடி வேப்பிலைக்கு வர்றேன்.

அம்மை கண்ட வீட்டையும் ஒதுக்கத்தான் செஞ்சாங்க. யாரும் உள்ள போக மாட்டாங்க, அந்த வீட்டுலயும் வெளிய வர மாட்டாங்க. ஆனா மூணு வித்தியாசம். ஒண்ணு, வேப்பிலையை வாசல்ல கட்டறது அந்த வீட்டுக்காரங்களே. ரெண்டு, உள்ள இருக்கறவர் குற்றவாளி இல்ல, அம்மன் வந்து இறங்கின உடம்பு. மூணாவதுதான் எனக்குப் பெருசாப் படுது. அதுக்கு ஒரு முடிவு நாள் உண்டு. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயில்ல வச்ச தண்ணியைத் தலைக்கு ஊத்திட்டா, அம்மா இறங்கிட்டா. அடுத்த நாள் எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடலாம். அம்மைத் தழும்பு விழுந்த பொண்ணுங்களுக்கு மாப்பிள்ளை அமையறது கஷ்டமா இருந்துச்சு, அதை மறைக்க வேண்டாம். ஆனா யாரும் அவங்களைக் காலத்துக்கும் தள்ளி வைக்கல.

2020ல கொரோனா வந்தப்போ சென்னையில மாநகராட்சி ஆளுங்க வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டினாங்க, தகரம் அடிச்சாங்க. தொற்றைத் தடுக்க விலகி இருக்கறது நியாயம்தான். ஆனா அந்தக் குறியை வச்சது வீட்டுக்காரங்க இல்ல, அரசாங்கம். அந்த ஏப்ரல்ல கொரோனாவுல செத்துப் போன ஒரு மருத்துவரோட உடலை அடக்கம் பண்ண விடாம கூட்டம் ஆம்புலன்ஸைக் கல்லால அடிச்சதும் அதே ஊர்லதான். அந்த மருத்துவர் பல வருஷம் அதே நகரத்துக்கு வைத்தியம் பார்த்தவர்.

வைஸும் நிம்ஹான்ஸைச் சேர்ந்த ஜெயஸ்ரீ ராமகிருஷ்ணாவும் நோய் சார்ந்த களங்கத்துக்குச் சொன்ன விளக்கத்துல ஒரு முக்கியமான நிபந்தனை உண்டு. அந்த ஒதுக்கல் மருத்துவ ரீதியா தேவையில்லாததா இருக்கணும். அப்படிப் பார்த்தா அம்மை வீட்டு வேப்பிலை களங்கம் இல்ல. மாத்திரை சாப்பிட ஆரம்பிச்ச சில நாள்லயே தொற்று நின்னுபோற தொழுநோயாளிக்குப் போடற தனித் தட்டு, களங்கம்.

2005 டிசம்பரோட தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சனை இல்லைன்னு இந்தியா அறிவிச்சுது. பத்தாயிரம் பேருக்கு ஒருத்தருக்கும் கீழே வந்துடுச்சுங்கறதுதான் அதுக்கு அர்த்தம். ஆனா 2023ல உலகத்துல புதுசாக் கண்டுபிடிச்ச சுமார் 1.82 லட்சம் பேர்ல ஒரு லட்சத்துக்கு மேல இந்தியாவுலதான். மருந்து இலவசம். ஆறு மாசமோ ஒரு வருஷமோ சாப்பிட்டா குணம். ஆனா மறைச்சு வச்சு லேட்டா வர்றவருக்கு நரம்பு போன பிறகு எந்த மாத்திரையும் அதைத் திருப்பித் தராது. இங்க அவமானம் வெறும் மனக்கஷ்டம் இல்ல, அது விரலையே எடுக்குது.

சிகிச்சை முடிஞ்சவருக்கு ஆஸ்பத்திரியில 'மருந்து முடிஞ்சது'ன்னு அட்டையில எழுதிக் குடுப்பாங்க. அந்த அட்டையை ஊர் படிக்காது. ஊர் கண்ணுல பார்க்கற மாதிரி ஒரு முடிவு இந்த நோய்க்கு இன்னிவரைக்கும் இல்ல. அம்மைக்கு இருந்த தலைக்குத் தண்ணி மாதிரி எதுவும் இதுக்கு வரல. பிராண்ட் புருவம் வச்சுத் தச்சது ஒருவகையில அதுக்குத்தான்னு எனக்குத் தோணுது. ஆராய்ச்சிக்காரங்க 'உங்களை ஒதுக்கறாங்களா'ன்னு முப்பது வருஷமாக் கேட்டுட்டாங்க. இனிமே ஊர்க்காரங்களைப் பார்த்து இன்னொண்ணும் கேக்கலாம். இவர் குணமாயிட்டார்னு நீங்க நம்ப, உங்க கண் முன்னாடி என்ன நடக்கணும்?

பதில் கண்ணமங்கலத்துல ஒண்ணா இருக்கும், மட்டக்களப்புல வேறயா இருக்கும். உங்க ஊர்ல என்னவா இருக்கும்னு சொல்லுங்க.